4.5 மி.மீ. ஏர் ரைஃபிளின் துல்லியச் சோதனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொழுதுபோக்காக ஏர் ரைஃபிள் (காற்றழுத்தத்தால் சுடும் துப்பாக்கி) வைத்திருப்பவர்கள், அதைத் தாங்கும் மரக்கட்டையையும் சோதனை மேஜையையும் தாங்களே செய்துகொள்பவர்கள், திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. இங்கே பேசப்படுவது 10 மீட்டர் தூரச் சோதனை. குழல், காற்று சிலிண்டர், ரெகுலேட்டரின் (ஒவ்வொரு சுடலுக்கும் காற்றழுத்தத்தைச் சீராக்கும் பாகம்) அழுத்தம், டிரிகரின் உள்பற்கள் ஆகிய நான்கும் வீட்டில் கைவைக்க வேண்டியவை அல்ல. அவை பயிற்சி பெற்ற துப்பாக்கி மெக்கானிக்கின் வேலை. உரிமம், ஆற்றல் வரம்பு பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. வாங்குவதற்கு முன்பே அதைப் பார்த்துவிடுங்கள்.

என் துப்பாக்கி எவ்வளவு துல்லியமாக இருந்தால் போதும்?

ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேசத் துப்பாக்கி சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பு) 10 மீட்டர் இலக்கு அட்டையில் பத்தாம் புள்ளியின் விட்டம் 0.5 மி.மீ. ஒன்பதாம் வளையத்தின் விட்டம் 5.5 மி.மீ. பெல்லட்டின் (ஏர் ரைஃபிளில் போடும் சிறு ஈயக்குண்டு) விளிம்பு பத்தைத் தொட்டாலே பத்து என்பதால், துளையின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 2.5 மி.மீ.க்குள் இருந்தால் பத்து கிடைக்கும். தசம முறையில் 10.9 வேண்டுமென்றால் அந்தத் தூரம் 0.25 மி.மீ.க்குள் வர வேண்டும்.

போட்டித்தரத் துப்பாக்கியை இடுக்கியில் பூட்டி, அதற்கு ஒத்துப்போகும் பெல்லட்டால் 10 முறை சுட்டால், துளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஒரே ஓட்டையாகத் தெரியும். வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை சுமார் 5.5 மி.மீ. இருக்கும். பெல்லட்டின் 4.5 மி.மீ.யைக் கழித்தால், மையத்திலிருந்து மையம் வரை 1 மி.மீ. நல்ல ஸ்பிரிங் துப்பாக்கி (ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டனால் காற்றை அமுக்கிச் சுடுவது) மேஜையிலிருந்து 4 மி.மீ.க்குள் போட்டால் குறைசொல்ல ஒன்றுமில்லை.

ஐந்து குண்டு சுட்டு ஒரு குரூப் பார்த்தால் போதாதா?

போதாது. ஏர் ரைஃபிள் சோதனையில் நேரமும் பணமும் அதிகம் வீணாவது இந்த இடத்தில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

குரூப் அளவு என்று நாம் சொல்வது, ஒன்றுக்கொன்று மிகத் தள்ளி விழுந்த இரண்டு துளைகளின் இடைவெளி. மற்றத் துளைகள் எங்கே விழுந்தன என்பதை அந்த எண் சொல்வதே இல்லை. அதனால் அது இயல்பாகவே ஆட்டம் காணும். எதையும் மாற்றாமல், அதே துப்பாக்கியில் அதே பெல்லட்டைப் போட்டு ஐந்து ஐந்தாகச் சுட்டுக்கொண்டே போனால், குரூப் அளவுகள் சராசரியிலிருந்து ஏறத்தாழ கால் பங்கு மேலும் கீழும் அலையும். சராசரி 3 மி.மீ. போடும் துப்பாக்கி ஒருமுறை 2.3 போடும், அடுத்தமுறை 3.7 போடும். எப்போதாவது 1.6 கூட விழும். அந்த 1.6 அட்டையைப் பத்திரப்படுத்தி, அன்று போட்ட பெல்லட்டில் பத்து டப்பா வாங்கிவிடுகிறார்கள். அது பெல்லட்டின் திறமையல்ல, தற்செயல்.

இன்னொன்றும் உண்டு. குண்டு கூடக்கூட குரூப் பெரிதாகும். சிதறலின் அடிப்படை அளவை 1 என்று வைத்துக்கொண்டால், 3 குண்டு குரூப்பின் சராசரி 2.4 அளவிலும், 5 குண்டு 3.07 அளவிலும், 10 குண்டு 3.8 அளவிலும் வரும். ஒருவருடைய 5 குண்டு குரூப்பையும் மற்றொருவருடைய 10 குண்டு குரூப்பையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், இரண்டும் ஒரே தரமாக இருந்தும் பின்னது கால் பங்கு மோசமாகத் தெரியும்.

எனவே ஒவ்வொரு வகை பெல்லட்டுக்கும் குறைந்தது 10 குண்டு வீதம் 4 குரூப் சுடுங்கள். மூன்று வகைகளை ஒப்பிடும்போது ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். அ, ஆ, இ என்று சுட்டுவிட்டு, பிறகு இ, ஆ, அ என்று திரும்பி வாருங்கள். சிலிண்டரின் அழுத்தம் குறைவது, உங்கள் கண் களைப்பது, அறை சூடாவது எல்லாம் மூன்று வகைக்கும் சமமாகப் பங்கிடப்படும். ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது முதல் 5 குண்டுகளை வேறு அட்டையில் சுட்டுத் தள்ளிவிடுங்கள். குழலின் உள்ளே முந்தைய பெல்லட் விட்ட ஈயப்பூச்சு மாற அவ்வளவு தேவை.

துளைகளை எப்படி அளப்பது?

வெர்னியர் காலிப்பரால் குரூப்பின் வெளிவிளிம்பு முதல் வெளிவிளிம்பு வரை அளந்து, தனியாக விழுந்த ஒரு துளையின் விட்டத்தைக் கழியுங்கள். புத்தகத்தில் உள்ள 4.5 மி.மீ.யைக் கழிக்காமல், அதே அட்டையில் அளந்த துளையைக் கழிப்பதே சரி. தாள் துளையின் விளிம்பு உள்வாங்கிக்கொள்ளும், அதனால் துளை பெல்லட்டைவிடச் சிறிதாகவே தெரியும். சாதாரணத் தாள் கிழியும். கெட்டியான போட்டி அட்டைதான் சுத்தமாக வெட்டுப்படும். தட்டையான தலை கொண்ட பெல்லட்டைப் போட்டிக்குத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணமே இந்தச் சுத்தமான வட்டத் துளைதான்.

இதைவிடச் சிறந்த அளவு சராசரி ஆரம், அதாவது குரூப்பின் மையத்திலிருந்து துளைகளின் தூரங்களுடைய சராசரி. எல்லாத் துளைகளுக்கும் அதில் பங்குண்டு. ஆனால் ஒரே ஓட்டையாகப் போன குரூப்பில் துளைகளைத் தனித்தனியாகப் பிரிக்க முடியாது. அதற்கு ஒரு குண்டுக்கு ஒரு புள்ளி என்று பத்துப் புள்ளிகள் உள்ள அட்டையில் சுட்டு, ஒவ்வொன்றும் தன் புள்ளியிலிருந்து எவ்வளவு விலகியது என்று அளக்க வேண்டும். அட்டையை ஓர் அளவுகோலுடன் சேர்த்து ஸ்கேன் செய்து கணினியில் அளப்பது கண்ணுக்கு எளிது.

ஓர் எடுத்துக்காட்டு. ஐந்து குண்டுகளின் கிடைமட்ட விலகல் மி.மீ.யில் 0.4, −0.3, 0.1, 0.6, −0.8. செங்குத்து விலகல் 0.2, 0.5, −0.6, −0.3, 0.2. இரண்டின் சராசரியும் பூஜ்யம், ஆகவே மையம் அங்கேயே இருக்கிறது. (இல்லாவிட்டால் சராசரியை ஒவ்வொன்றிலிருந்தும் முதலில் கழிக்க வேண்டும்.) மையத்திலிருந்து தூரங்கள் 0.45, 0.58, 0.61, 0.67, 0.82. சராசரி ஆரம் 0.63 மி.மீ. இதே ஐந்தின் வழக்கமான குரூப் அளவு 1.49 மி.மீ. பெல்லட்டுகளை ஒப்பிடச் சராசரி ஆரத்தை நம்புங்கள்.

சோதனை மேஜையும் இடுக்கியும் நானே செய்துகொள்ளலாமா?

தாராளமாக. கைவேலைக்கு அருமையான இடம் இதுதான். ஆனால் ஒரு கணக்கை முதலில் பார்த்துவிடுங்கள். துப்பாக்கியை 300 மி.மீ. இடைவெளியில் இரண்டு இடங்களில் பிடித்திருக்கிறீர்கள், அதில் ஓர் இடம் 0.1 மி.மீ. நகர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டரில் அது 3.3 மி.மீ. நல்ல குழலின் முழுச் சிதறலைவிட இது மூன்று மடங்கு. ஆகவே இடுக்கி என்பது எடையும் விறைப்பும் பற்றிய விஷயம். மெல்லிய பலகையில் செய்த இடுக்கி, துப்பாக்கியை விட்டுவிட்டுத் தன்னையே சோதித்துக்கொண்டிருக்கும்.

குறைந்தது 18 மி.மீ. பிளைவுட் இரண்டடுக்கைப் பசையிட்டு ஒட்டி அடித்தட்டாக்குங்கள். அதைத் தரையில் ஊன்றிய கனமான மேஜையோடு 10 மி.மீ. போல்ட்டுகளால் இறுக்குங்கள். சக்கரம் வைத்த மேஜை, மடக்கு மேஜை இரண்டும் வேண்டாம். இடுக்கி துப்பாக்கியின் உடலை, அதாவது ரிசீவரையோ அடியில் உள்ள தண்டவாளத்தையோ பிடிக்க வேண்டும். குழலைப் பிடித்தால் அதன் இயல்பான அதிர்வும் மாறும், வளையவும் செய்யும். சிலிண்டரைப் பிடிக்கவே கூடாது. இடுக்கியின் தாடைகளில் 3 மி.மீ. தோல் ஒட்டினால் போதும். ரப்பர் துள்ளும்.

செய்து முடித்ததும் குண்டு போடாமல் சோதியுங்கள். ஸ்கோப்பின் குறுக்குக்கோட்டை அட்டையில் ஒரு புள்ளியில் வைத்து, உலர்சுடும் வசதி (காற்றும் பெல்லட்டும் இல்லாமல் டிரிகரை மட்டும் இயக்குவது) இருந்தால் பத்து முறை டிரிகரை இழுங்கள். ஒவ்வொரு முறையும் குறுக்குக்கோடு அதே புள்ளியில் நிற்கிறதா? பெல்லட் போடும் நெம்புகோலைத் திறந்து மூடிய பிறகும் நிற்கிறதா? நகர்ந்தால் இடுக்கியைத்தான் முதலில் திருத்த வேண்டும்.

இடுக்கி வேண்டாம் என்றால் முன்னால் ஒரு மணல் பை, கட்டையின் அடியில் ஒரு சிறு பை. ஒவ்வொரு முறையும் முன்னால் உள்ள பை கட்டையின் அதே இடத்தில் படும்படி ஒரு டேப் துண்டை அடையாளமாக ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஸ்பிரிங் துப்பாக்கியையும் இடுக்கியில் பூட்டலாமா?

கூடாது. பிஸ்டன் முன்னே பாயும்போது, பெல்லட் குழலை விட்டு வெளியேறும் முன்பே துப்பாக்கி நகரத் தொடங்கிவிடுகிறது. இறுக்கிப் பிடித்தால் அந்த நகர்வு குண்டுக்குக் குண்டு வேறுபடும், திருகுகளும் தளரும். முன்கட்டை திறந்த உள்ளங்கையில் சும்மா கிடக்கட்டும், தோளில் லேசாக மட்டும் படட்டும். துப்பாக்கி தன் போக்கில், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே போக்கில் நகர்வதுதான் வேண்டும். பெல்லட் இல்லாமல் ஸ்பிரிங் துப்பாக்கியைச் சுடாதீர்கள். பிஸ்டனைத் தாங்கும் காற்று மெத்தை இல்லாமல் அது முன்சுவரில் மோதும்.

எந்த பெல்லட்?

குழல்தான் பதில் சொல்ல வேண்டும். 10 மீட்டருக்குத் தட்டைத் தலை பெல்லட். ரைஃபிளுக்கு வழக்கமாக 0.53 கிராம். 0.45 முதல் 0.50 கிராம் வரையுள்ளவை பிஸ்டலுக்காகச் செய்யப்பட்டாலும் சில ரைஃபிள்களில் நன்றாகவே போகும். தலை விட்டம் 4.48 முதல் 4.52 மி.மீ. வரை பல அளவுகளில் வருகிறது. ஒரே பெயர், ஒரே எடை, தலை மட்டும் 0.01 மி.மீ. வேறு என்றாலும் சில குழல்களில் வித்தியாசம் தெரியும். டப்பாவின் அடியில் உள்ள தொகுதி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நன்றாகப் போன தொகுதி தீர்ந்தால், அதே பெயரில் அடுத்த தொகுதியை மறுபடி சோதித்த பிறகே நிறைய வாங்க வேண்டும்.

பெல்லட்டின் பின்விளிம்பு மெல்லியது. டப்பா கீழே விழுந்தாலே நசுங்கும். அந்த விளிம்புதான் காற்றை அடைக்கிறது, திருகுவரிகளையும் (பெல்லட்டைச் சுழலவைக்கக் குழலின் உள்ளே வெட்டிய வரிகள்) பிடிக்கிறது. நசுங்கிய பெல்லட் தனியாகத் தள்ளிப்போய் விழும். வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்து நசுங்கியதைக் களைவதற்குச் செலவிடும் பத்து நிமிடம், மின்தராசில் எடை பிரிக்கும் ஒரு மணி நேரத்தைவிட அதிகம் பலன் தரும். போட்டித்தர பெல்லட்டுகள் எடையில் ஏற்கெனவே சீரானவை. மலிவான டப்பாவை எடை பார்த்துப் பிரிப்பதில் மட்டும் அர்த்தமுண்டு.

வேகத்தை அளக்க வேண்டுமா?

குரோனோகிராஃப் (பெல்லட்டின் வேகத்தை அளக்கும் கருவி) கிடைத்தால் அவசியம் அளங்கள். குரூப்பைப் பார்த்துச் சொல்ல முடியாத ரெகுலேட்டர் கோளாறை அது சொல்லிவிடும். போட்டி ஏர் ரைஃபிளின் வேகம் நொடிக்குச் சுமார் 170 மீட்டர். 0.53 கிராம் பெல்லட்டுக்கு அது ஏழரை ஜூலை ஒட்டிய ஆற்றல். 10 மீட்டர் போவதற்குள் பெல்லட் சுமார் 18 மி.மீ. தாழ்கிறது. வேகம் 1 சதவீதம் மாறினால் தாழ்வு 2 சதவீதம் மாறும், அதாவது 0.36 மி.மீ. பத்துக் குண்டுகளில் மிக வேகமானதற்கும் மெதுவானதற்கும் இடையே நொடிக்கு 3 மீட்டருக்குள் இருந்தால் கவலையில்லை.

ரெகுலேட்டர் உள்ள துப்பாக்கியில், வெகுநேரம் சும்மா இருந்தபின் சுடும் முதல் குண்டு மட்டும் வேகமாகப் போனால், ரெகுலேட்டர் மெல்லக் கசிகிறது என்று பொருள். முதல் மூன்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நாளுக்கு நாள் அதிகமானால் மெக்கானிக்கிடம் கொடுங்கள். ரெகுலேட்டர் இல்லாத பிசிபி துப்பாக்கியில் (முன்கூட்டியே சிலிண்டரில் காற்று நிரப்பிச் சுடுவது) அழுத்தம் குறையும்போது வேகம் முதலில் ஏறி, சற்றுநேரம் சமமாக நின்று, பிறகு இறங்கும். அந்தச் சமமான பகுதி எத்தனை குண்டு வரை என்று கண்டுபிடித்து, அதற்குள்தான் சோதிக்க வேண்டும். ஒளி உணரும் குரோனோகிராஃப் குழல்விளக்கின் துடிப்பில் பொய் எண் காட்டும். வேறு விளக்கு போடுங்கள்.

குரூப்பின் வடிவத்தைப் பார்த்துக் கோளாறைச் சொல்ல முடியுமா?

ஓரளவு. மேல்கீழாக நீண்டால் முதலில் வேகத்தைப் பாருங்கள், பிறகு முன்னால் உள்ள பை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் படுகிறதா என்று பாருங்கள். பக்கவாட்டில் நீண்டால் துப்பாக்கி சாய்கிறது, அல்லது டிரிகர் விரல் தள்ளுகிறது. இரண்டு தனித்தனிக் கூட்டமாக விழுந்தால் ஏதோ ஒன்று இரண்டு நிலைகளுக்கிடையே ஆடுகிறது: ஸ்கோப் வளையம், பின்குறியின் அடிப்பகுதி, கட்டைத் திருகு, இந்த வரிசையில் தேடுங்கள். ஒரே திசையில் மெல்ல நடந்துபோனால் அழுத்தம் இறங்குகிறது, அல்லது ஏதோ சூடாகிறது. ஆனால் இப்படி வடிவம் பார்ப்பதற்கும் 10 குண்டு வேண்டும். மூன்று துளை எப்போதும் ஏதாவது ஒரு கோடாகத்தான் தெரியும்.

ஒருநேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். திருகையும் இறுக்கி, குழலையும் துடைத்து, பெல்லட்டையும் மாற்றிவிட்டால், சரியானது எதனால் என்று ஒருநாளும் தெரியாது.

கட்டையை நானே செய்தேன். துல்லியம் குறைந்துவிட்டது. ஏன்?

பெரும்பாலும் துப்பாக்கியின் உடல் கட்டையில் சமமாக உட்காரவில்லை. திருகை இறுக்கும்போது உலோகம் வளைகிறது. இப்படிச் சோதிக்கலாம்: கட்டையின் முனையில் டயல் கேஜை (நுண்ணிய அசைவை ஊசியால் காட்டும் அளவி) பூட்டி, அதன் ஊசி குழலைத் தொடும்படி வையுங்கள். முன்திருகை மெதுவாகத் தளர்த்துங்கள். ஊசி 0.05 மி.மீ.க்கு மேல் நகர்ந்தால் உட்காருமிடம் சரியில்லை. பிறகு பின்திருகு. டயல் கேஜ் இல்லாவிட்டால், உடலும் கட்டையும் சேரும் கோட்டில் விரல் வைத்துத் தளர்த்தினாலே அசைவு உணரப்படும்.

சரிசெய்ய எபாக்ஸி படுக்கை போடலாம், அதாவது உடல் உட்காருமிடத்தை இறுகிவிடும் எபாக்ஸிப் பசையால் நிரப்பலாம். உட்காருமிடத்தில் மரத்தை 2 மி.மீ. ஆழம் செதுக்குங்கள், ஆனால் உயரம் மாறாமலிருக்க முன்னும் பின்னும் சிறு மேடுகளை விட்டுவிடுங்கள். உலோகத்தில் ஒட்டாத மெழுகை இரண்டு பூச்சு தடவுங்கள். திருகுத்துளை, டிரிகர் இடைவெளி, எந்தப் பள்ளமும் களிமண்ணால் அடைபடட்டும். ஒரு பள்ளம் விட்டுப்போனாலும் எபாக்ஸி உள்ளே புகுந்து பூட்டிக்கொள்ளும், பிறகு கட்டையை உடைத்துத்தான் துப்பாக்கியை எடுக்க வேண்டிவரும். திருகுகள் வழிகாட்ட மட்டும், இறுக்க வேண்டாம். 24 மணி நேரம் அசைக்காதீர்கள். இதையெல்லாம் சிலிண்டரைக் கழற்றி, அழுத்தம் முழுவதும் வெளியேறிய துப்பாக்கியில்தான் செய்ய வேண்டும்.

இறுக்கும் அளவு தயாரிப்பாளரின் கையேட்டில் நியூட்டன் மீட்டரில் இருக்கும். டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையின் அளவைக் காட்டும் சாவி) இரண்டு திருகையும் முதலில் பாதி அளவுக்கும், பிறகு முழு அளவுக்கும் இறுக்குங்கள். குழல் கட்டையைத் தொடாமல் நிற்க வேண்டிய வடிவமைப்பு என்றால், ஒரு தாள் துண்டை இடையில் செலுத்தி இழுத்துப் பாருங்கள். எங்கும் சிக்கக் கூடாது.

குழலை எப்போது துடைப்பது?

குரூப் கெட்டால் மட்டும். உலர்ந்த ஃபெல்ட் துண்டுகள் சிலவற்றைப் பெல்லட் போடும் பக்கத்திலிருந்து குழல்வாயை நோக்கித் தள்ளினால் போதும். துடைத்தபின் 20 முதல் 30 குண்டு வரை குழல் நிலைகொள்ளாது. அந்தக் குண்டுகளைச் சோதனையாக எண்ணாதீர்கள். ஸ்பிரிங் துப்பாக்கியின் அமுக்க அறைக்குள் கனிம எண்ணெய் போகக் கூடாது. அமுக்கத்தின் சூட்டில் அது பற்றிக்கொண்டு வேகத்தைத் தாறுமாறாக்கும், அடைப்பானையும் கெடுக்கும்.

குழல்வாயைப் பஞ்சுக்குச்சியால் உள்ளிருந்து வெளியே சுற்றிலும் துடையுங்கள். பஞ்சின் நூல் சிக்கும் இடத்தில் உலோகத்தில் சிறு பிசிறு இருக்கிறது. பெல்லட் கடைசியாகத் தொடும் இடம் அது. அதை நீங்களே அரம் போடாதீர்கள்.

ஸ்கோப்பில் கவனிக்க வேண்டியது?

10 மீட்டருக்குக் குவியம் வைக்க முடிகிறதா என்பதுதான். பெரிய துப்பாக்கிகளுக்கான பல ஸ்கோப்புகள் 100 கெஜத்துக்கு நிலைநிறுத்தப்பட்டவை. 10 மீட்டரில் கண் சற்று நகர்ந்தாலே குறுக்குக்கோடு இலக்கின்மேல் வழுக்கும். பிறகு ஒரு கட்டச் சோதனை செய்யுங்கள்: ஸ்கோப்பின் திருப்பியில் வலம் 20 கிளிக், மேலே 20, இடம் 20, கீழே 20, ஒவ்வொரு மூலையிலும் 3 குண்டு. கடைசிக் கூட்டம் முதல் கூட்டத்தின்மேல் விழ வேண்டும்.

துப்பாக்கி சாய்வதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 5 டிகிரி சாய்ந்தால் 10 மீட்டரில் பெல்லட் 1.6 மி.மீ. பக்கவாட்டில் விலகும். ஒரு சிறு ரசமட்டம் இதைத் தீர்க்கும்.

.22 ரிம்ஃபயருக்கும் (வெடிமருந்துத் தோட்டா போடும் சிறு ரைஃபிள்) இதே முறைதானா?

கணக்கு அதேதான், அளவுகள் வேறு. 2.6 கிராம் குண்டு, நொடிக்குச் சுமார் 325 மீட்டர், தூரம் 50 மீட்டர். தாழ்வு சுமார் 127 மி.மீ. ஆகவே வேகத்தில் 1 சதவீத மாற்றம் மேல்கீழாக 2.5 மி.மீ. ஆகிறது, 5 டிகிரி சாய்வு 11 மி.மீ. ஆகிறது. 50 மீட்டர் அட்டையில் பத்தின் விட்டமே 10.4 மி.மீ. இங்கே தோட்டாவை நாம் திருத்த முடியாது, தொகுதியைத் தேர்ந்தெடுக்கத்தான் முடியும். அதனால்தான் லாபுவா, ஈலி போன்ற தயாரிப்பாளர்கள், சுடுநர் தன் துப்பாக்கியைக் கொண்டுவந்து பூட்டிப் பல தொகுதிகளைச் சோதிக்கும் கூடங்களையே நடத்துகிறார்கள். திறந்த வெளியில் காற்று மூன்றாவது ஆளாக நுழையும். அமைதியான அதிகாலையே சோதனைக்கு நேரம். இதை அங்கீகரிக்கப்பட்ட சுடுதளத்தில் மட்டுமே செய்ய வேண்டும்.

குண்டைத் தடுக்கும் பெட்டியும் பாதுகாப்பும்?

5 மி.மீ. எஃகுத் தகட்டை மேல்விளிம்பு சுடுபவர் பக்கம் வரும்படி 45 டிகிரி சாய்த்து, மூடிய பெட்டிக்குள் வையுங்கள். பெல்லட் கீழே திரும்பித் தட்டில் விழும். வெறும் மரப்பலகை தடுப்பாகாது, ஈயம் துள்ளித் திரும்பும். எஃகுக் குண்டுமணிகளை இதில் சுடவே கூடாது. அவை இன்னும் மோசமாகத் துள்ளும், திருகுவரிக் குழலையும் அழிக்கும். அறையில் இருக்கும் எல்லோருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும், பார்ப்பவருக்கும் சேர்த்து. இடுக்கியில் பூட்டிய துப்பாக்கியும் துப்பாக்கிதான். அட்டை மாற்றப் போகுமுன் பெல்லட் அறை திறந்திருக்க வேண்டும், யாரும் அதைத் தொடக் கூடாது.

சிலிண்டரில் உலர்ந்த காற்று மட்டும். ஆக்சிஜன் ஒருபோதும் கூடாது. எண்ணெய்ப்பசையோடு சேர்ந்தால் வெடிக்கும். போட்டித் துப்பாக்கிகளில் வழக்கமான 200 பார் (bar) அழுத்தத்துக்கு மெதுவாக நிரப்புங்கள். சிலிண்டரில் பொறித்த தேதியைப் பாருங்கள். பத்தாண்டு கடந்ததைப் பயன்படுத்தாதீர்கள்.

சுட்டபின் சாப்பிடுமுன் கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள். பெல்லட்டை வாயில் வைத்துக்கொள்ளும் பழக்கம் சிலருக்கு உண்டு, அதை இன்றே விட்டுவிடுங்கள். பெட்டியில் சேரும் ஈயத்தூளைத் துடைப்பத்தால் பெருக்கினால் காற்றில் எழும். ஈரத்துணியால் துடைத்து, மூடிய டப்பாவில் சேர்த்து, ஈய மறுசுழற்சிக்குக் கொடுங்கள்.